ஈசூனுக்கும் பொங்கோலுக்கும் நடுவில் ஒரு மெமரி கார்டு

சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) ஆட்டங்களைக் கணினியில் ஆடவைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில், ஒரு அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொண்ட மெமரி கார்டிலிருந்து சேவ்கள், அதாவது ஆடிய இடத்தைச் சேமித்த பதிவுகள், மறைந்தன. மறுநாள் அந்தக் கார்டில் இருந்த வேறு சில உடைந்தும் போயின. மறைந்ததற்கு ஒரு காரணம், உடைந்ததற்கு வேறொரு காரணம். முதல் காரணத்தால் ஒரு பைட்கூட அழியவில்லை. மறைந்ததை மீட்கப் போன இடத்தில்தான் உண்மையான சேதம் நடந்தது. இதே வரிசையில் சேவ்களை இழந்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் "கார்டு கெட்டுப்போச்சு" என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையோடு தேடலும் நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை முழுதாக எழுதிவைக்கிறேன்.

பின்னணி

தம்பி சிங்கப்பூரின் ஈசூனில் அப்பா அம்மாவோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறான். அக்கா செவிலியர். கல்யாணமான பிறகு பொங்கோலில் பிடிஓ வீடு (வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு) கிடைத்து அங்கே குடிபோய்விட்டார். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பிஎஸ்2-இல் ஃபைனல் ஃபேண்டசி 10 ஆடியவர்கள். அக்கா தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்த 2005 ஆண்டு இறுதி விடுமுறையில் இருவரும் மாறி மாறி ஆடி, கடைசிக் கட்டம் வரை கொண்டுபோன சேவ் ஒன்று பழைய கார்டில் இருந்தது. ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடினால் கதை திரும்பக் கிடைக்கும். அந்த விடுமுறையில் இருவரும் சேர்ந்து சேர்த்த பொருள்களும், பாத்திரங்களை வளர்த்திருந்த விதமும் திரும்பக் கிடைக்காது. அக்கா அதைக் கவனமாகக் காத்துவந்ததில் வியப்பில்லை.

கன்சோலின் லேசர் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அது வீட்டில்தான் இருக்கிறது. எமுலேட்டருக்குத் தேவையான பயாஸ் (கன்சோலைத் தொடக்கும் நிரல்) அதிலிருந்தே எடுத்தது, டிஸ்க்கும் சொந்த டிஸ்க். பழைய கார்டில் இருந்ததை, வெளி நிரல்களை ஓட்டவிடும் ஃப்ரீஎம்சிபூட் போட்டிருந்த ஒரு நண்பரின் கன்சோலில் செருகி, பிஎஸ்யு வகை ஃபைலாக (ஒரு சேவ் மட்டும் அடங்கும் ஃபைல்) பென்டிரைவில் எடுத்திருந்தார் அக்கா. வீடு மாறிய களேபரத்தில் கார்டு எங்கோ போய்விட்டது. பென்டிரைவும் பிறகு வேறு வேலைக்காக அழிக்கப்பட்டது. அதற்கு முன், இந்தச் சிக்கல் தொடங்கிய நாளில்தான், அந்த பிஎஸ்யு ஃபைலை எமுலேட்டரின் கார்டுக்குள் ஏற்றியிருந்தார். ஆக, உலகத்தில் அந்த சேவ் இருந்த ஒரே இடம் அந்த மெய்நிகர் கார்டுதான்.

இரண்டு லேப்டாப்பிலும் விண்டோஸ், இரண்டிலும் பிசிஎஸ்எக்ஸ்2-இன் 1.6 பதிப்பு. அது 2020-இல் வந்தது. கார்டு ஃபைல் இருக்கும் ஃபோல்டரை ஒரு மேகச் சேமிப்பு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டார்கள். ஈசூனில் தம்பி ஆடினால் சேவ் பொங்கோலுக்குப் போகும், அங்கே அக்கா ஆடினால் இங்கே வரும் என்பது கணக்கு. மாதக்கணக்கில் அது சரியாகவே ஓடியது. அக்காவுக்கு ஷிஃப்ட் வேலை, தம்பிக்கு மாலையில்தான் நேரம். இருவரும் ஒரே நேரத்தில் ஆடாதவரைக்கும் பிரச்சினை வர வழியே இல்லை.

அந்த வாரம் இருவரும் ஒரே நாளில் ஆடினார்கள்.

தம்பி சொன்னது

தம்பி எனக்குப் போன் செய்தபோது இரண்டு நாள் கதையை ஒரே மூச்சில் சொன்னான். முந்தைய நாள் மாலை ஆட்டத்தைத் திறந்தபோது, ஒரு வாரமாக ஆடிய சேவ்கள் பட்டியலில் இல்லை. அக்காவுடைய சேவ்கள் மட்டும் இருந்தன. நல்லவேளையாக எஃப்1 அழுத்தி எடுத்துவைத்த சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை அந்த நொடியில் அப்படியே உறையவைக்கும் பதிவு) இருந்ததால், எஃப்3 அழுத்தி விட்ட இடத்துக்கே போய்விட்டான். அங்கிருந்து தொடர்ந்து ஆடி, சேவ் ஸ்பியர் (ஆட்டத்துக்குள் சேமிக்கும் இடம்) வந்ததும் முறைப்படி கார்டில் சேமித்தான். ஆட்டமும் சேமித்தாகிவிட்டது என்று சொன்னது. மறுநாள் திறந்தால் தன் சேவும் ஏறவில்லை. பிஎஸ்2-இன் பிரவுசரில், அதாவது கார்டில் உள்ளதைக் காட்டும் திரையில் பார்த்தால், அக்காவின் சேவ் இருந்த இடத்தில் "கரப்டட் டேட்டா" என்று வருகிறது.

"அண்ணே, இதை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சிடவா? அக்காவுக்கு இன்னும் சொல்லல."

"வேணாம் தம்பி. எதையும் அழிக்காதே, எமுலேட்டரையும் இனி திறக்காதே. முதல்ல ஒத்திசைவை நிறுத்து."

மேகச் செயலியை அவன் நிறுத்தியதும், கார்டு ஃபோல்டரையும் சேவ் ஸ்டேட் ஃபோல்டரையும் அப்படியே பென்டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன். நகலில் இருந்த எல்லா ஃபைல்களையும் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டோம். இதற்குப் பிறகு நான் செய்த எல்லா ஆராய்ச்சியும் அந்த நகலின் நகலில்தான். இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது. இருந்தும் இந்த வழக்கில் சேவ் பிழைத்ததற்கு முக்கியக் காரணம் இந்தப் படிதான் என்று நினைக்கிறேன். உடைந்த கார்டை ஆட்டம் மறுபடி தொடும் ஒவ்வொரு தடவையும், காலியாகத் தெரியும் இடத்தில் புதிதாக எதையாவது எழுதக்கூடும். அப்படி எழுதப்பட்ட இடத்தை யாராலும் மீட்க முடியாது.

ஒதுக்கிய சந்தேகங்கள்

வழக்கமான சந்தேகங்களை வேகமாகப் பார்த்தேன். பிஎஸ்2-இன் 8 எம்பி கார்டுக்கு எமுலேட்டர் வைத்திருக்கும் ஃபைலின் அளவு சரியாக 8,650,752 பைட் இருக்க வேண்டும். கார்டில் 16,384 பக்கங்கள், ஒவ்வொன்றிலும் 512 பைட் தகவல், அதோடு பிழைதிருத்தக் குறியீட்டுக்காக 16 பைட். இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும். 8,388,608 என்று இருந்தால் அந்தக் கூடுதல் பைட்டுகள் இல்லாத நகல் என்று அர்த்தம். இங்கே அளவு சரியாக இருந்தது. ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் வரியிலேயே "சோனி பிஎஸ்2 மெமரி கார்டு ஃபார்மேட்" என்ற ஆங்கில எழுத்துகளும் 1.2.0.0 என்ற எண்ணும் இருந்தன. தலைப்பகுதி நலம்.

அடுத்தது மண்டலம். பிஎஸ்2 சேவ் ஃபோல்டரின் பெயரிலேயே டிஸ்க்கின் எண் இருக்கும். அமெரிக்க டிஸ்க் என்றால் பிஏ, ஐரோப்பிய டிஸ்க் என்றால் பிஇ, ஜப்பானிய டிஸ்க் என்றால் பிஐ என்று தொடங்கும். ஒரு மண்டலத்து ஆட்டம் இன்னொரு மண்டலத்து சேவை எட்டியும் பார்க்காது. சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் பல மண்டல டிஸ்க்குகள் கைமாறியதால், இங்கே இது அடிக்கடி வரும் குழப்பம். ஆனால் இந்த வீட்டில் இருவரிடமும் இருந்தது ஒரே அமெரிக்க டிஸ்க்கின் நகல். எல்லா ஃபோல்டரும் பிஏஎஸ்எல்யுஎஸ்-20312 என்றே தொடங்கின. இதுவும் இல்லை. எழுதும் அனுமதியும் சரியாக இருந்தது, ஏனென்றால் கார்டு ஃபைலின் மாற்ற நேரம் முந்தைய நாள் இரவைக் காட்டியது. யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மறைந்தது எப்படி

நகலெடுத்த ஃபோல்டரில் எம்சிடி001.பிஎஸ்2 என்ற வழக்கமான ஃபைலோடு, அதே பெயருக்குப் பின்னால் தம்பியின் லேப்டாப் பெயர் ஒட்டிய இன்னொரு ஃபைலும் இருந்தது. அளவும் அதேதான். தம்பி அதைப் பார்த்திருக்கிறான். ஏதோ குப்பை என்று நினைத்து, அழிக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறான்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு அன்று விடுமுறை. பகலில் பழைய பிஎஸ்யு ஃபைலைக் கார்டில் ஏற்றி, கொஞ்சம் ஆடி, புதிய சேவ் ஒன்றும் வைத்து லேப்டாப்பை மூடிவிட்டார். கார்டு மேகத்துக்குப் போய்விட்டது. அதே நாள் மாலை தம்பியும் ஆடினான். ஆட்டம் திணறுகிறது என்று அவன் ஒரு வாரமாகவே ஒத்திசைவை நிறுத்திவைத்திருந்தான். அவன் லேப்டாப்பில் இருந்தது பழைய கார்டு. அதன் மேல் அவன் தன் சேவ்களை வைத்தான். பிறகு ஒத்திசைவைத் திறந்தபோது, ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் ஒன்றையொன்று சந்தித்தன. மேகச் செயலிக்குக் கார்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதற்கு அது 8 எம்பி அளவுள்ள ஒரே துண்டு. இரண்டு சேவ்களையும் ஒன்றாகச் சேர்க்க அதனால் முடியாது. முதலில் வந்த அக்காவின் கார்டுக்கு அசல் பெயரைக் கொடுத்து, தம்பியின் கார்டுக்கு லேப்டாப் பெயரை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டது.

அதாவது முதல் நாள் முடிவில் இரண்டு கார்டும் முழு நலம். தம்பியின் சேவ்கள் பக்கத்திலேயே வேறு பெயரில் இருந்தன. அக்காவின் 2005 சேவ் அசல் பெயருள்ள கார்டில் இருந்தது. பெயரை மாற்றி எமுலேட்டரில் மறுபடி செருகியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

உடைந்தது எப்படி

இங்கே சேவ் ஸ்டேட் என்பது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலர் அதையும் கார்டில் வைக்கும் சேவ்களையும் ஒரே விஷயத்தின் இரண்டு வடிவம் என்று நினைக்கிறார்கள். கார்டில் சேவ் வைப்பது ஆட்டம். அது தனக்குத் தேவையான தகவலை மட்டும் எடுத்து, கார்டின் கோப்பு முறைக்குள் ஒழுங்காக எழுதுகிறது. சேவ் ஸ்டேட்டை எடுப்பது எமுலேட்டர். அந்த நொடியில் கன்சோலுக்குள் இருந்த முதன்மை நினைவகத்தின் 32 எம்பி, உள்ளீடு வெளியீட்டுச் சிப்பின் 2 எம்பி, வரைகலை நினைவகம், ரெஜிஸ்டர்கள் என்று எல்லாவற்றையும் உறையவைத்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் மெமரி கார்டின் உள்ளடக்கம் அதில் சேராது. கார்டு வெளியே, தனி ஃபைலாகவே இருக்கும்.

சிக்கல் அந்த 2 எம்பிக்குள் ஒளிந்திருக்கிறது. பிஎஸ்2-இல் கார்டைக் கையாள்வது எம்சிமேன் என்ற சிறு நிரல். அது ஓடுவது உள்ளீடு வெளியீட்டுச் சிப்பில். ஒவ்வொரு முறையும் கார்டை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால், கார்டின் ஃபோல்டர் பட்டியலிலும் ஃபேட் அட்டவணையிலும் சில பகுதிகளைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். கார்டின் இடம் 1 கேபி துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு சேவில் எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு, எது காலி என்பதெல்லாம் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. உண்மையான கன்சோலில் இதனால் ஆபத்து இல்லை. கார்டைக் கழற்றி வேறு கார்டைச் செருகினால் அது உடனே தெரிந்துவிடும், நினைவில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகப் படிக்கும்.

தம்பி எஃப்3 அழுத்தியபோது அவனுடைய பழைய கார்டின் பட்டியலும் ஃபேட் பகுதிகளும் அந்த 2 எம்பியோடு சேர்ந்து திரும்ப வந்தன. வெளியே ஸ்லாட்டில் இருந்ததோ அக்காவின் கார்டு. கார்டு மாறியது என்று யாரும் எம்சிமேனிடம் சொல்லவில்லை. பழைய குடியிருப்போர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் இருக்கும் வீட்டைக் காலி வீடு என்று நினைத்து சாமான் இறக்குவது போலத்தான் அடுத்து நடந்தது. சேவ் ஸ்பியரில் சேமித்த அந்த ஒரு தடவையில், தன் நினைவில் இருந்த ஃபேட் பகுதியை அது அக்காவின் கார்டில் எழுதியது.

ஒரு ஃபேட் துண்டின் அளவு 1024 பைட். ஒரு பதிவுக்கு 4 பைட் என்பதால் ஒரு துண்டுக்குள் 256 பதிவுகள் அடங்கும். ஒவ்வொரு பதிவும் கார்டில் 1 கேபி இடத்தைக் குறிக்கிறது. ஆகவே தவறான ஒரே ஒரு ஃபேட் துண்டை எழுதினாலே கார்டில் 256 கேபிக்கான வரைபடம் மாறிவிடும். இதோடு முடியவில்லை. கார்டில் உள்ளது ஃப்ளாஷ் நினைவகம். அதில் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக அழித்து எழுத முடியாது. 16 பக்கங்களை, அதாவது 8 கேபியை, மொத்தமாக அழித்துத்தான் எழுத வேண்டும். அந்த 8 கேபிக்குள் பக்கத்து சேவின் துண்டுகள் இருந்தால் அவையும் அழிந்து, எம்சிமேன் சரி என்று நம்பும் நிலையில் திரும்ப எழுதப்படும்.

இது ஊகம் இல்லை என்பதற்குக் கார்டிலேயே சாட்சி இருந்தது. பிஎஸ்2 கார்டில் ஒவ்வொரு ஃபோல்டர் பதிவும் 512 பைட். அதில் உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம், தொடங்கும் துண்டின் எண், பெயர் எல்லாம் இருக்கும். நேரம் எப்போதும் ஜப்பான் நேரத்தில் பதிவாகும். சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் முன்னால். உடைந்த கார்டின் கடைசிப் பதிவில் மணிக்குரிய பைட்டில் ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண் முறையில்) 17 என்று இருந்தது. அதாவது 23. ஜப்பானில் இரவு 11 மணி என்றால் ஈசூனில் இரவு 10. அந்த நேரத்தில்தான் தான் சேமித்ததாகத் தம்பி சொல்லியிருந்தான். அந்தப் பதிவு தொடங்கிய துண்டின் எண்ணும், அக்கா அதற்கு முந்தைய நாள் ஏற்றிய 2005 சேவின் ஒரு துண்டும் ஒன்றே. மைஎம்சி என்ற கருவியில் கார்டைச் சோதிக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதை ஓட்டினால், எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லாமல் தொங்கும் துண்டுகளும் தவறான இடத்தைக் காட்டும் சங்கிலிகளும் இருப்பதாகச் சொன்னது. இரண்டு ஃபைல்கள் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடின. இரண்டுமே தோற்றன.

இதைத் தடுப்பதற்கென்றே 1.6 பதிப்பில் ஒரு வசதி உண்டு. சேவ் ஸ்டேட்டை ஏற்றும்போது கார்டைத் தானாகவே கழற்றி மறுபடி செருகுவதாகக் காட்டும். ஆட்டம் அதைக் கார்டு மாறியதாக எடுத்துக்கொண்டு பட்டியலைப் புதிதாகப் படிக்கும். இந்த லேப்டாப்பில் அந்தக் கட்டத்தில் டிக் இல்லை. விசாரித்தால், முன்பொரு சமயம் கிட்டார் ஹீரோ ஆடுவதற்காக எடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். அந்த ஆட்டத்துக்கு இது ஒத்துவராமல் போகலாம் என்று எமுலேட்டரின் குறிப்பிலேயே இருக்கிறது, எனவே அவன் எடுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அது எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான அமைப்பு. ஒரு ஆட்டத்துக்காகத் திறந்த கதவு மற்ற எல்லா ஆட்டத்துக்கும் திறந்தே கிடந்தது.

பொங்கோல் லேப்டாப்

உடைந்த கார்டிலிருந்து 2005 சேவை மீட்க முடியாது என்பது இதோடு தெளிவாகிவிட்டது. அதன் சில துண்டுகளின் மேல் வேறு தகவல் எழுதப்பட்டாகிவிட்டது. பிழைதிருத்தக் குறியீடு ஒற்றை பிட் தவறைத்தான் சரிசெய்யும், முழுத் துண்டு மாறினால் அதனால் ஒன்றும் ஆகாது. தம்பியின் ஓரங்கட்டப்பட்ட கார்டிலும் அது இல்லை, ஏனென்றால் அந்தக் கார்டு பிரிந்த பிறகுதான் அக்கா அதை ஏற்றினார்.

ஆனால் அக்காவின் லேப்டாப் இருந்தது. அவர் கார்டை மேகத்துக்கு அனுப்பிவிட்டு மூடியவர், அதற்குப் பிறகு இரவு ஷிஃப்ட் என்பதால் திறக்கவே இல்லை. அவர் வட்டில் இருந்தது சேதத்துக்கு முந்தைய கார்டு. லேப்டாப் திறந்து இணையத்தில் சேர்ந்தால், மேகத்தில் இருக்கும் உடைந்த கார்டு இறங்கி நல்ல கார்டின் மேல் உட்கார்ந்துவிடும். அது நடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அக்காவுக்குத் தம்பிதான் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். பிறகு நான் பேசினேன்.

"லேப்டாப்பைத் திறக்காதீங்கம்மா. முதல்ல வீட்டு வைஃபை ரூட்டரோட பிளக்கைப் பிடுங்கிடுங்க. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டிருந்தா அதையும் நிறுத்திடுங்க. அப்புறம் திறக்கலாம்."

"சரிண்ணே. அந்த சேவ் இருக்குமா?"

"நீங்க மூடின பிறகு யாரும் தொடலைன்னா இருக்கும்."

ரூட்டரை நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து, மேகச் செயலியை முழுதாக மூடி, கார்டு ஃபைலைப் புதிய பென்டிரைவில் நகலெடுத்து, ஃபைலின் மாற்ற நேரத்தை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் விடுமுறை நாளின் பகல் நேரம். அளவு 8,650,752. அந்த நகலை மைஎம்சியில் சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை. 2005 சேவ் அதன் பழைய தேதியோடு அப்படியே இருந்தது.

மேகச் சேமிப்பில் பழைய பதிப்புகளைத் திரும்ப எடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும், அதையும் வைத்துக்கொண்டோம். ஆனால் கையில் இருக்கும் ஃபைலை விட்டுவிட்டு அதை முதலில் நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. எந்தப் பதிப்பு எப்போது எடுக்கப்பட்டது என்பது நம் கையில் இல்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது எமுலேட்டர் கார்டு ஃபைலைத் திறந்தேதான் வைத்திருக்கும். பாதி எழுதிய நிலையில் ஒரு பதிப்பு மேலே போயிருக்க வாய்ப்புண்டு.

மீட்டது

இப்போது கையில் மூன்று கார்டுகள்: அக்காவின் நல்ல கார்டு, தம்பியின் பெயர் மாறிய நல்ல கார்டு, உடைந்த கார்டு. உடைந்ததைச் சாட்சிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சேவையும் தனித்தனி பிஎஸ்யு ஃபைலாக வெளியே எடுத்தேன். எமுலேட்டரில் 8 எம்பியில் இரண்டு புதிய கார்டு உருவாக்கி, பிஎஸ்2-இன் சொந்த முறையில் ஃபார்மேட் செய்து, அக்காவுடையதை ஒன்றிலும் தம்பியுடையதை மற்றதிலும் ஏற்றினேன். 16, 32, 64 எம்பி கார்டும் உருவாக்க முடியும். ஆனால் சோனி பிஎஸ்2-க்காக விற்ற கார்டு 8 எம்பிதான், ஆட்டங்களும் அதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே காரணமில்லாமல் பெரிய கார்டுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

மீதி இருந்தது தம்பியின் கடைசி சில மணி நேர ஆட்டம். எஃப்3 அழுத்திய பிறகு அவன் ஆடியது எந்த நல்ல கார்டிலும் இல்லை. அது அன்றிரவு ஆடி முடித்ததும் எடுத்த சேவ் ஸ்டேட்டில் மட்டும் இருந்தது. உடைத்த அதே கருவியைக் கொண்டே இதை மீட்க முடியும், வரிசை மட்டும் தவறக்கூடாது. சேவ் ஸ்டேட் எடுத்த அதே 1.6 பதிப்பில்தான் அதை ஏற்ற வேண்டும். பிந்தைய பதிப்புகள் அந்த ஸ்டேட்டைப் படிக்காது. தானாகக் கழற்றும் வசதிக்கு மறுபடி டிக் போட்டோம். ஸ்லாட் 1-இல் காலியான புதிய கார்டு ஒன்றை வைத்தோம், எதையும் இழக்க வாய்ப்பில்லாத கார்டு. ஸ்டேட்டை ஏற்றி, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டு, பிறகு சேவ் ஸ்பியருக்கு நடந்து போனான். சேமிக்கும் திரை திறந்தபோது பட்டியல் காலியாக வந்தது. அதைத்தான் எதிர்பார்த்தேன். பழைய சேவ்களின் பெயர்கள் வந்திருந்தால், எம்சிமேன் இன்னும் பழைய பட்டியலை நம்புகிறது என்று பொருள், அங்கேயே நிறுத்தியிருப்பேன். பட்டியல் காலியாக இருந்ததால் சேமித்தான். எமுலேட்டரை மூடி, அந்தக் கார்டைச் சோதித்து, சுத்தம் என்று வந்த பிறகு அந்த சேவையும் பிஎஸ்யு ஆக்கி அவன் கார்டில் ஏற்றினேன்.

சரிபார்க்கும்போது சேவ் ஸ்டேட் எதையும் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு கார்டையும் போட்டு, டிஸ்க்கிலிருந்து முழுதாகத் தொடங்கி, ஒவ்வொரு சேவையும் ஆட்டத்துக்குள் ஏற்றிப் பார்த்தோம். பிரவுசரில் சின்னம் தெரிவது மட்டும் போதாது. ஃபோல்டர் பதிவு நன்றாக இருந்து உள்ளே தகவல் பாதி போன சேவும் அங்கே அழகாகத் தெரியும்.

இனிமேல் எப்படி

ஒரே கார்டை இருவர் பகிர்வது முடிந்துபோனது. ஆளுக்கொரு கார்டு, அதுவும் மேகச் சேமிப்புக்கு வெளியே, லேப்டாப்பின் சாதாரண ஃபோல்டரில். ஒருவர் சேவ் மற்றவருக்கு வேண்டும் என்றால், எமுலேட்டரை மூடிவிட்டு அதை பிஎஸ்யு ஃபைலாக எடுத்து, தேதியைப் பெயரில் சேர்த்து மேகத்தில் போட வேண்டும். அப்படி எழுதி முடித்த ஃபைல் பிறகு மாறாது, ஒத்திசைவு அதோடு சண்டை போட வாய்ப்பில்லை. ஆட்டத்தின் முக்கியமான இடங்களில் ஸ்லாட் 2-இல் உள்ள கார்டிலும் ஒரு தடவை சேமிப்பது நல்லது. கன்சோலில் இரண்டு ஸ்லாட் இருந்ததே, அதை எமுலேட்டரிலும் பயன்படுத்தலாம்.

ஃபோல்டர் வகைக் கார்டு போடலாமே என்று அக்கா கேட்டார். 2016-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து பிசிஎஸ்எக்ஸ்2-இல் அது இருக்கிறது. கார்டை ஒரே துண்டாக வைக்காமல், ஒவ்வொரு சேவையும் உங்கள் வட்டில் உண்மையான ஃபோல்டராக வைக்கும். நகலெடுக்க மிக எளிது, இடப் பற்றாக்குறையும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்குரிய சேவ்களை மட்டும் காட்டும், முந்தைய பாகத்தின் சேவை அடுத்த பாகம் படிக்கும் ஆட்டங்களுக்கு எமுலேட்டரின் தரவுப் பட்டியலில் விதிவிலக்கு இருக்கும். தனியாக ஆடுபவருக்கு நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒத்திசைவில் வைக்க அதுவும் ஏற்றதல்ல. சேவின் உள்ளே உள்ள ஃபைல்களில் ஒன்று இங்கிருந்தும் மற்றொன்று அங்கிருந்தும் வந்தால், வெளியே நலமாகத் தெரிந்து உள்ளே பொருந்தாத சேவ் கிடைக்கும். அதைக் கண்டுபிடிப்பது இந்த வழக்கைவிடக் கடினம்.

எஃப்1, எஃப்3 வேண்டாம் என்று தம்பியிடம் நான் சொல்லவில்லை. கடினமான சண்டைக்கு முன்னால் அது பெரிய உதவி. ஆடி முடித்து மூடும்போது மட்டும் கார்டில் சேமித்துவிட்டு மூட வேண்டும், மறுநாள் தொடங்கும்போது கார்டிலிருந்து தொடங்க வேண்டும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்டேட்டைத் தொடக்கூடாது. புதிய பதிப்புகள் அந்த நேரத்தில் தாமாகவே மறுத்துவிடுகின்றன, 1.6-இல் நாமே பொறுமையாக இருக்க வேண்டும்.

கிட்டார் ஹீரோவுக்குத் தனிக் கார்டு ஒன்று வைத்தோம். அதை ஆடும்போது மட்டும் தானாகக் கழற்றும் வசதியை எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போடுகிறான். அந்தக் கார்டில் வேறு எந்த ஆட்டத்தின் சேவும் இல்லை. கடைசியாக இரண்டு லேப்டாப்பிலும் 2024-இல் வந்த 2.0 வரிசைக்கு மாறிவிட்டார்கள். கார்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் அதில் வேலை செய்கின்றன. பழைய சேவ் ஸ்டேட்களுக்காக 1.6 பதிப்பைத் தனி ஃபோல்டரில் விட்டுவைத்திருக்கிறோம். தம்பி பாதியில் விட்டிருக்கும் மற்ற ஆட்டங்களை இதே முறையில் ஒவ்வொன்றாகக் கார்டில் இறக்கி முடித்த பிறகு அதை நீக்கிவிடுவான்.